கவன எண்ணும் வாசிப்பும்: ஆரணி பற்றிய ஒரு நூலை முன்வைத்து

பார்பரா ஹாரிஸ்-வைட் பதிப்பித்த ‘மிடில் இந்தியா அண்ட் அர்பன்-ரூரல் டெவலப்மென்ட்’ (2016) என்னும் ஆங்கில நூல், பட்டு நெசவு நகரான ஆரணியின் நாற்பதாண்டுக் கால மாற்றங்களை ஆராய்கிறது. இத்தகைய நூலின் வாசிப்பை எவ்வாறு மதிப்பிடுவது? ஆல்ட்மெட்ரிக் போன்ற இணையக் கவன அளவீடுகள், செய்திகள், சமூக ஊடகங்கள், கொள்கை ஆவணங்கள் ஆகியவற்றில் ஒரு நூல் சுட்டப்படுவதை எண்ணுகின்றன. அந்நூல் படிக்கப்பட்டதா என்பதை அவ்வெண் காட்டுவதில்லை.

முடிவெடுத்தல் கோட்பாடு இங்கு வேறோர் அளவுகோலைத் தருகிறது. ரொனால்டு ஹோவர்டு 1966இல் விளக்கியவாறு, ஒரு தகவலின் மதிப்பு அது முடிவை மேம்படுத்தும் வாய்ப்பைப் பொறுத்தது. ஆரணி நெசவாளர் முன் நிற்கும் முடிவுகள் தெளிவானவை: கூலிக்கு நெய்வதா, சொந்த முதலில் நெய்வதா, கைத்தறியில் நீடிப்பதா, வேறு தொழிலுக்குச் செல்வதா? இவற்றில் ஒன்றுக்கு இந்நூலின் செய்தி, வாய்வழியாகவேனும் சென்று உதவினால், அப்பயன் எந்தக் கவன எண்ணிலும் பதிவாகாது.

ஆய்வு நூலின் பயன் உடனடி முடிவுகளோடு முடிந்துவிடுவதன்று. கொள்கை ஆவணச் சுட்டல்களும் ஓரளவு தடயம் தருகின்றன. இவற்றை ஏற்றாலும், கவன எண்ணை மட்டும் கொண்டு நூலகக் கொள்முதலையோ பதவி உயர்வையோ தீர்மானிப்பது, நூல் யாரைப் பற்றியதோ அவர்களையே வாசகர் கணக்கிலிருந்து நீக்குவதாகும்.