உலகமே சேகரமா?

இறையியல் கல்லூரிப் பட்டமளிப்பு மேடைகளில் சில வருடங்களாக ஒரே பேச்சு. இறையியல் பட்டமான பி.டி. முடித்தவர் சபைக் குருவாக, அதாவது ஐயராகத்தான் ஆக வேண்டுமா? மருத்துவமனை, பள்ளி, சிறை, தொண்டு நிறுவனம் எல்லாமே ஊழியக்களம்தானே. ஐயரின் பொறுப்பில் விடப்படும் சபைகளின் தொகுதியைச் சேகரம் என்போம்; உலகமே உங்கள் சேகரம். கைதட்டல் பலமாக எழுகிறது. நானும் தட்டியிருக்கிறேன்.

சொல்லில் பிழையில்லை. ஆலயச் சுவருக்கு வெளியே நிற்கும் இறையியலை மதுரை அரசரடிக் கல்லூரி 1969 முதல் வளர்த்தது. ‘பரட்டை’ தியாபிலஸ் அப்பாவு அங்கிருந்துதான் நாட்டுப்புற மெட்டில் இறையியல் பேசினார். அதற்கும் வெகுகாலம் முன்பே வேதநாயக சாஸ்திரியார் குருப்பட்டம் இல்லாமல், தஞ்சையில் பள்ளி நடத்திக்கொண்டே, தமிழ்க் கிறிஸ்தவர்களின் பாட்டுக்கு உருக்கொடுத்தார். எல்லாரும் பிரசங்க பீடம் ஏற வேண்டியதில்லை.

ஆனால் இந்த விசாலமான அழைப்பு யாரிடம் போய்ச் சேருகிறது? திருமண்டலத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு படிக்க வந்தவரிடம் அல்ல. அவருக்குப் பெரும்பாலும் ஒரு சேகரம் தயாராக இருக்கும். சொந்தச் செலவில் படித்தவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும்தான் உலகத்தைக் காட்டுகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவத்தைத் திறந்தது 1976இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தும், பி.டி. முடித்த பெண் ஐயரின் மனைவியாக, ‘ஐயரம்மா’வாக மட்டுமே ஆலயத்துக்குள் வருவதில் பல சபைகளுக்கு உறுத்தல் இல்லை. இடமில்லை என்று சொல்லக் கூசுகிறவர்கள், ‘உனக்கு இதைவிடப் பெரிய களம் இருக்கிறது’ என்கிறார்கள்.

உலகமெல்லாம் தன் சேகரம் என்று கண்ட ஜான் வெஸ்லியை மேற்கோள் காட்டுவார்கள். 1739இல் அப்படி எழுதியபோது அவர் குருப்பட்டம் பெற்று 10 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஆக்ஸ்போர்டு லிங்கன் கல்லூரியின் உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது. பவுலும் கூடாரம் செய்து பிழைத்தார் என்பார்கள். பவுல் அந்தத் தொழிலைக் கற்றவர். நம் கல்லூரி எபிரெயமும் கிரேக்கமும் கற்பித்துவிட்டு, கூடாரத் தொழிலுக்குப் போ என்கிறது. பள்ளிக்குப் போனால் பி.எட். கேட்கிறார்கள். மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிய பி.டி. உதவாது. தொண்டு நிறுவனங்களோ, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 2020இல் 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்தபின், இருக்கிற ஆட்களுக்கே சம்பளம் போடத் திணறுகின்றன.

எனக்குப் பின்னால் படித்த ஒருவர் ஒரு மிஷன் மருத்துவமனையில் இருக்கிறார். நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணையாக நிற்கும் அவர், வார்டில் எல்லாருக்கும் ‘சாப்ளின் அக்கா’. சம்பளப் பதிவேட்டில் ‘உதவியாளர்’. ஓர் இரவு, ஆண்கள் வார்டில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த பெரியவர் அவர் கையைப் பிடித்து, “ராப்போஜனம் தருவியாம்மா?” என்று கேட்டிருக்கிறார். அந்தத் திருவிருந்தைக் கொடுக்கக் குருப்பட்டம் வேண்டும். ஐயருக்குப் போன் போட்டுவிட்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். பைக்கில் ஐயர் வந்து சேர்ந்தபோது படுக்கையைச் சுற்றித் திரை இழுத்தாகிவிட்டது. ஐயர் மேல் குற்றமில்லை, அவர் தூக்கத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்.

‘ஆலயத்துக்கு வெளியே’ என்கிற பிரிவினையை அந்தப் பெரியவர் அறியமாட்டார். அவர் கேட்டது ஆலயம் தருவதைத்தான். கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில், நான்கு வருடம் இறையியல் படித்தவர் பக்கத்திலேயே இருந்தும் அவருக்கு அது கிடைக்கவில்லை. இதற்குப் பெயர் பரந்த ஊழியமா? சபை தன் பொறுப்பைக் கைகழுவிவிட்டு, அதற்கு ‘அழைப்பு’ என்று வேதச்சொல் சூட்டியிருக்கிறது. மேடையில் பேசும் பேராயர்கள் முதலில் அந்த அக்காவின் தலையில் கை வைத்துக் குருப்பட்டம் தரட்டும், பதிவேட்டில் அவர் பதவியைத் திருத்தட்டும். பிறகு அதே வார்டுக்கு அனுப்பட்டும், அவர் போவார்.