ஓரத்தில் எழுதப்பட்ட தமிழ் – ஆங்கிலக் கற்பித்தல் குறித்து ஒரு விமர்சன நோக்கு

நமது நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப்படும் முறை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்கக் காண்கிறோம். மாணவரிடம் முயற்சி இல்லை என்பர் ஒரு சாரார். ஆளவந்தவர் மொழி நமக்கு எதற்கு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருள்ளும் வகுப்பறைக்குள் நுழைந்து பார்த்தோர் மிகச் சிலரே. அவ்வாறு நுழைந்து பார்த்த நூலொன்றை மதிப்பிட்டு, அதன் முடிவுகள் திருகோணமலைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா எழுதி, 1999 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'ஆங்கிலக் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல்' என்னும் ஆங்கில நூலே அது. இதற்கு முன்னர், 1992 இல் வெளிவந்த தமது நூலில் றொபேட் பிலிப்சன், ஆங்கிலக் கற்பித்தல் என்னும் தொழில் வல்லரசுகளின் நலன்களோடு பிணைந்தது எனக் காட்டியிருந்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வாயிலாக மாத்திரமே கற்பிக்க வேண்டும் என்ற கொள்கை, 1961 இல் உகண்டாவின் மக்கரேரேயில் நடைபெற்ற பொதுநலவாய மாநாட்டிலே உறுதிபெற்ற ஒன்று. அது மொழியியல் உண்மையன்று, வெறும் நம்பிக்கையே என்பது அவர் வாதம். எனினும் அவரது நூல் நிறுவனங்களையும் கொள்கைகளையும் பேசியதேயன்றி மாணவரைப் பேசவில்லை. அக்குறையை நிரப்பியமையே கனகராஜாவின் சாதனை எனலாம்.

1990களின் தொடக்கத்தில், போர்ச்சூழலின் நடுவே, முதலாம் வருடக் கலைப்பீட மாணவருக்கு அவர் ஆங்கிலம் கற்பித்தார். அமெரிக்க நகர வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்ட பாடநூலொன்றே வகுப்பில் வழங்கியது. மாணவர் அதை எதிர்த்துக் குரல் எழுப்பவில்லை. ஆனால் தவணை முடிவில் அப்பிரதிகளைப் புரட்டிப் பார்த்த ஆசிரியர், பக்க ஓரங்களில் வேறொரு நூல் எழுதப்பட்டிருக்கக் கண்டார். பாடநூலின் பாத்திரங்கள் தமிழ்ப் பெயர் பெற்றிருந்தன. படங்களில் உள்ளோர் நம்மவர் உடை பூண்டிருந்தனர். திரைப்பட வசனமும் காதற் குறிப்பும் அரசியல் முழக்கமும் அங்கே இடம்பெற்றிருந்தன. ஆங்கில வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழ், ஓரத்தின் வழியே உள்ளே நுழைந்துவிட்டது.

இதனை மாபெரும் எதிர்ப்பாக அவர் மிகைப்படுத்தாமை பாராட்டத்தக்கது. அதே மாணவர் இலக்கணத்தை வரையறுத்துக் கற்பிக்குமாறும், பரீட்சைக்கு வேண்டியதைத் தருமாறும் கேட்டனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பண்பாட்டை விலக்கவும் மொழியைப் பெறவும் அவர்கள் ஒருங்கே விரும்பினர். இந்த இரட்டை நிலையை நேர்மையாகப் பதிவு செய்தமையே நூலின் வலு.

இவ்விரட்டை நிலைக்குரிய வர்க்கப் பின்புலத்தை அறியப் பேராசிரியர் திரு கந்தையா 1984 இல் எழுதிய கட்டுரையையும் இணைத்து நோக்க வேண்டும். சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்றொரு பெயருண்டு. வாள் என்பது அதன் பொருள். இலவசக் கல்வியும் சுயமொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயில்வரை அழைத்து வந்தன. அங்கு வந்த பின்னரே, மேற்செல்லும் வழியை ஆங்கிலம் என்னும் வாள் மறித்து நிற்பதை அவர்கள் கண்டனர். யாழ்ப்பாண மாணவரின் ஓரக்குறிப்பும் பேராதனை மாணவரின் இச்சொல்லும் ஒரே அனுபவத்தின் இரு வெளிப்பாடுகள் எனக் கொள்ளுதல் தகும்.

இங்கே ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. கந்தையாவின் கட்டுரையும் கனகராஜாவின் நூலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டுள்ளன. ஓரத்தில் எழுதிய மாணவர், தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படித்தறிய இயலாத நிலையிலே விடப்பட்டனர். தமிழ்மொழி மூலம் கலைப்பீடத்திற் பயிலும் நம்மிற் பலருக்கும் இதுவே நிலை. ஏகாதிபத்தியத்துக்கு எதிரான வாதத்தை அறியவும் ஆங்கிலம் வேண்டும் என்றால், ஆங்கிலமே வேண்டாம் என்னும் முழக்கம் நம்மை எங்கே கொண்டு சேர்க்கும்?

இனித் திருகோணமலைக்கு வருவோம். கனகராஜா கண்ட வகுப்பறை ஏறத்தாழ முற்றிலும் தமிழருடையது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவருள் எவரும் அரைவாசியை எட்டவில்லை. தமிழும் சிங்களமும் அன்றாடம் சந்திக்கும் இவ்விடத்தில் ஆங்கிலம் மேற்கின் மொழியாக மாத்திரம் நிற்பதில்லை. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழிகளுள் ஒன்றாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் வகுத்தது. நடைமுறையோ வேறு. சந்தையிலும் பேருந்திலும் மக்களை இணைப்பவை அரைகுறைத் தமிழும் அரைகுறைச் சிங்களமுமே. அலுவலகத்திலோ, தமிழில் படிவம் இல்லாதபோது 'ஆங்கிலத்தில் நிரப்புங்கள்' என்ற மறுமொழி கிடைக்கிறது. அவ்விடத்தில் இணைப்பு மொழி, தமிழுக்குரிய இடம் வெறுமையாய்க் கிடப்பதை மூடும் திரையாகிவிடுகிறது. ஆங்கிலத்தின் இந்த உள்நாட்டுப் பணியைப் பற்றி, மேற்கையும் நம்மையும் மாத்திரம் எதிரெதிரே நிறுத்தும் ஆய்வுமுறை போதிய விளக்கம் தரவில்லை.

ஆங்கிலத்தோடு இந்நகருக்கு வேறுவகை உறவும் இருந்தது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய துறைமுகத்தை ஈண்டு நான் கருதவில்லை. இந்நகரிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை, ஆங்கிலக் கல்வி வழியாகத் தெரியவந்த நாவல் வடிவத்தை நாயக்கர் காலக் கதைக்குப் பொருத்தி 1895 இல் 'மோகனாங்கி'யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவலாக அது மதிக்கப்படுகிறது. திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் கடமையாற்றிய சுவாமி விபுலானந்தர் 1926 இல் 'மதங்க சூளாமணி'யைத் தந்தார். செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ் நாடக, மெய்ப்பாட்டு மரபுகளின் துணைகொண்டு அளந்து பார்த்த நூல் அது. இவ்விருவரும் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு ஆங்கிலத்துக்குட் சென்றவரல்லர். அங்கே கண்டதைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்கள். அன்று அக்கல்வி சிலருக்கே கிட்டியது என்பதை மறத்தலாகாது. அக்காலத்தை மீட்க வேண்டும் என்பது எமது வாதமன்று. அந்த உறவுமுறை பலருக்கும் உரியதாக வேண்டும் என்பதே.

இன்றைய வகுப்பறையில் அவ்வுறவுக்கு இடமில்லை. ஆரம்ப வகுப்பு முதல் மாணவர் ஆங்கிலம் பயில்கின்றனர். ஆயினும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெடுங்காலம் எழுத்தை மாத்திரமே அளந்து வந்துள்ளது. உயர்தரத்தின் பொது ஆங்கிலப் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிலெடுக்கப்படுவதில்லை. பேசாத மொழியைப் பேசாமலே பத்தாண்டு பயிலும் நிலை இது. தமிழில் விளக்குதல் ஆசிரியரின் பலவீனமாகவும் கருதப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். 'நேற்றுத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்' என்பதில் அடைமொழி முழுவதும் கப்பலுக்கு முன் நிற்கிறது. ஆங்கிலத்திலோ கப்பல் முன்னே வர, ஏனைய யாவும் பின்னே தொடரும். 'எனக்குத் தெரியும்' என்பதில் அறிபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்தில் அவரே எழுவாய். பெயர்ச்சொல்லின் முன் ஆங்கிலம் வைக்கும் சுட்டிடைச் சொல் தமிழில் இல்லாமையால் நமது மாணவர் அதனை விட்டுவிடுகின்றனர். இவை சோம்பலால் விளையும் பிழைகள் அல்ல. இரு மொழிகளையும் அருகருகே வைத்தால் சில நிமிடங்களில் விளங்கத்தக்க வேறுபாடுகள். ஆங்கிலத்திலேயே விதியைச் சொல்லி ஆங்கிலத்திலேயே விளக்க முயலும்போதுதான் அவை ஆண்டுக்கணக்காகத் தொடர்கின்றன.

மாணவன் ஆங்கிலம் கேட்கும் ஒரே இடம் வகுப்பறை. அங்கும் தமிழ் புகுந்தால் அவன் எங்கே ஆங்கிலம் கேட்பான் என ஆசிரியர் சிலர் வினவுவர். நியாயமான வினா. பாடம் முழுவதையும் தமிழில் நடத்திவிடும் வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. பேச்சுப் பயிற்சி ஆங்கிலத்திலேயே நிகழட்டும். அது பரீட்சையிலும் அளக்கப்படட்டும். ஆனால் விளக்கத்துக்கும் ஒப்பீட்டுக்கும் மொழிபெயர்ப்புக்கும் தமிழை அழைக்க அஞ்ச வேண்டியதில்லை. ஆங்கிலப் பந்தியொன்றைப் படித்துத் தமிழில் தன் கருத்தை எழுதும் மாணவன் இரு மொழியிலும் வளர்கிறான். கலைப்பீட ஆங்கில வகுப்பில் கந்தையாவையும் கனகராஜாவையும் பாடமாக வைத்து, அவற்றைத் தமிழாக்கும் பணியை மாணவரிடமே ஒப்படைத்தாலென்ன?

கனகராஜாவின் மாணவர் பக்க ஓரத்தில் எழுதியது, நடுவில் எழுத இடந்தரப்படாமையாலேயே. அவ்விடத்தைத் தருவது பாடநூலை மாற்றுவதோடு முடியும் காரியமன்று. ஆசிரியர் மனப்பாங்கும் பரீட்சை முறையும் மாறவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதனைத் தமது பணிக்குப் புறம்பானது எனக் கருதலாகாது. ஆங்கிலம் கற்பிக்கப்படும் முறையும் தமிழின் வளர்ச்சி பற்றிய பிரச்சினையே ஆகும்.