ஹெரால்டுக்கு ஓர் ஆயில் மீட்டர்

பழைய காரின் டேஷ்போர்டில் கம்பெனி வைக்காத மீட்டரை வைக்கலாமா என்ற வழக்கு கண்காட்சி மைதானத்தில் தீராது, பாபநாசத்தில் தீரும். அம்பாசமுத்திரம் வரை சமவெளியில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, முண்டந்துறைக் காட்டு வழியாகச் சொரிமுத்தையனார் கோயிலுக்கும் காரையாறு அணைக்கும் ஏறும்போதுதான் இன்ஜினின் உண்மையான வயது தெரியும். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் செய்த கார்களில் அதற்கு ஈடான அழகி இல்லை என்பது என் கட்சி. ஆனால் அதன் டேஷ்போர்டு ஆயில் பிரஷரைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஒரு சின்ன விளக்கின் வழியாகத்தான். அந்த விளக்கை மட்டும் நம்பி மலையேறுவது தவறு. அதன் பக்கத்தில் ஒரு மீட்டர் வேண்டும், அதுவும் செம்புக் குழாய் வழியாக ஆயிலே நேராக வந்து முள்ளைத் தள்ளும் பழைய வகை மெக்கானிக்கல் மீட்டர்.

விளக்கின் குறை அது பொய் சொல்வது அல்ல, தாமதமாகச் சொல்வது. இத்தகைய விளக்குகளின் சுவிட்ச் பொதுவாக ஐந்திலிருந்து பத்து பவுண்டுக்குள் பிரஷர் இறங்கிய பிறகே தொடும். 948 சிசி ஹெரால்டு சூடேறி நல்ல வேகத்தில் ஓடும்போது 40 முதல் 60 பவுண்டு காட்ட வேண்டும். அங்கிருந்து பத்துக்கு இறங்கும் நெடும் சரிவு முழுவதும் விளக்கு வாய் திறக்காது. கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங்குகள் உள்ள இன்ஜின் அது; தேய்மானம் அந்தச் சரிவில்தான் எழுதப்பட்டிருக்கும். ஏற்றத்தில் செகண்ட் கியரில் இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் பம்பும் வேகமாகச் சுற்றி முள்ளைத் தூக்கியே வைத்திருக்கும். ஏறி முடித்து, வண்டியை அணைக்கருகே நிறுத்தி ஐட்லிங்கில் விடும்போதுதான் கணக்கு வெளிப்படும். கொதித்து நீர்த்துப்போன ஆயில், மெதுவாகச் சுற்றும் பம்ப், அகன்றுபோன பேரிங் இடைவெளி, மூன்றும் அங்கே ஒன்றுசேரும். அப்போது முள் எங்கே நிற்கிறது என்று மாதாமாதம் பார்த்து வைப்பவருக்கு இன்ஜின் வேலை திடீர்ச் செலவாக வராது.

இந்த மீட்டரின் உள்ளே இருப்பது வளைந்த தட்டையான குழாய் ஒன்று. பிரெஞ்சுக்காரர் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவே முள்ளின் அசைவு. நீராவிக் கொதிகலனிலும் நீர்மின் நிலையத்திலும் அழுத்தம் காட்டியது இதே குழாய்தான். 1940களிலேயே தாமிரபரணியில் மின்சாரம் எடுத்த பாபநாசத்துக்கு இது அந்நியப் பொருள் அல்ல. பொருத்துவதில்தான் கைத்திறன் தெரியும். பிளாக்கில் ஆயில் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு டி-பீஸ் போட்டு, சுவிட்சையும் குழாயையும் சேர்த்து மாட்ட வேண்டும். விளக்கும் பிழைக்கும், மீட்டரும் வாழும். இன்ஜின் தன் மவுண்டிங்கில் ஆடும், பாடி ஆடாது. அந்த இரண்டுக்கும் நடுவே செம்புக் குழாயை மூன்று நான்கு சுற்று சுருளாக விட்டால்தான் அதிர்வில் வெடிக்காது. ஃபயர்வாலைக் கடக்கும் துளையில் ரப்பர் குரோமெட் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பே குழாயை அறுத்துவிடும். ஒரு வேலையின் தரத்தைச் சொல்ல எனக்கு அந்தச் சுருளைப் பார்த்தால் போதும். டயலின் பளபளப்பு யாருக்கும் கிடைக்கும். ஒரே விட்டத்தில், ஒன்றையொன்று உரசாமல் நிற்கும் சுருள் பொறுமைக்காரருக்கே வரும்.

மூல வடிவத்தைத் தொடவே கூடாது என்பவர்களின் கவலை நியாயமானது. டேஷ்போர்டில் ஓட்டை போட்டால் அது திரும்பாது. ஆனால் அதற்காக மீட்டரையே மறுக்க வேண்டியதில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் சிறு பேனலில் 52 மில்லிமீட்டர் டயல் தாராளமாக அடங்கும்; கழற்றினால் சுவடு இருக்காது. ஹெரால்டின் காலத்திலேயே இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் போன்றவர்கள் இத்தகைய மீட்டர்களைத் தனியாக விற்றார்கள் என்பதால் இது காலத்துக்கு ஒவ்வாத ஒட்டுவேலையும் அல்ல. முதலில் ஆர்பிஎம் மீட்டர் வேண்டும் என்பாரும் உண்டு. இன்ஜினின் வேகத்தைக் காது சொல்லிவிடும்; ஆயில் பிரஷரைச் சொல்ல எந்தக் காதாலும் முடியாது. ஆம்பியர் மீட்டர் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்ட பிறகு, வண்டியின் மொத்தக் கரண்டையும் பழைய ஒயர் வழியாக டேஷ்போர்டுக்குள் இழுப்பது தீயோடு விளையாட்டு, வோல்ட் மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டர்தான் துல்லியம் என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. சரியான சென்சாரோடு வந்தால் அது துல்லியம்தான், கேபினுக்குள் ஆயில் கசியும் பயமும் இல்லை. ஆனால் வளைவில் ஓட்டுநருக்குக் கிடைப்பது அரை நொடிப் பார்வை. அதில் எண்ணைப் படித்து நினைவோடு ஒப்பிட நேரமில்லை. முள் வழக்கமான இடத்தில் இல்லை என்பது மட்டும் சட்டென்று கண்ணில் படும். ரேஸ் கார்களில் டயலையே திருப்பி, எல்லா முள்ளும் சரியான நிலையில் செங்குத்தாக நிற்கும்படி வைப்பது இதனால்தான்.

இன்று நடப்பது வருத்தம் தருகிறது. மூன்று டயல் கொண்ட பேனலை வாங்கி, நீல விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி சென்சார். இரண்டின் ஓம்ஸ் கணக்கும் பொருந்தாததால் குளிர்ந்த இன்ஜினிலும் முள் நடுவில் நிற்கிறது. பொய் சொல்லும் மீட்டரைவிட வெறும் விளக்கு மேல். கழற்றி, முள்ளை அளவுப்படி திருத்திக் கொடுக்கும் மீட்டர் மெக்கானிக்குகள் அருகிவருகிறார்கள். அவர்களிடம் வேலை போவதில்லை என்பதே காரணம். கோயம்புத்தூரில் பிரிக்கால் போன்ற நிறுவனம் மீட்டர் செய்யும் தமிழ்நாட்டில் இந்தக் கைவேலை அழிய நியாயமில்லை.

ஆகவே ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் முன்னால் ஒரே ஒரு மெக்கானிக்கல் ஆயில் மீட்டரை வாங்கி, குழாயைச் சுருட்டத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். மற்ற மீட்டர்களை அதன் பிறகு யோசிக்கலாம்.