தண்ணீர் இல்லாத இடத்தைத் தேடி

போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்தது. தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வயலைச் சுற்றுகிறவர் வருவார். பெட்டியும் ஒயரும் இரும்புக் கம்பிகளும் கொண்டுவந்து மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அளப்பவரும் வருவார். இந்த இரண்டாமவர் செய்வது அறிவியல். ஈரமும் உப்பும் உள்ள நிலம் மின்சாரத்தை எளிதில் கடத்தும். காய்ந்த பாறை கடத்தாது. அந்த வேறுபாட்டை வைத்து இத்தனை அடியில் தண்ணீர் என்கிறார். சொன்னது சரியா என்பது போர் வண்டி வந்த அன்றே தெரிந்துவிடும். வெறும் புழுதி பறந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய அடிதான். ஆனால் அளந்தவருக்கு அன்று ஒரு திருத்தம் கிடைக்கிறது. அடுத்த வயலில் அதை நினைவில் வைத்துக்கொள்வார்.

இதே இயற்பியலைத் தண்ணீர் இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் துறை ஒன்று உண்டு. அணுக்கழிவை ஆழத்தில் புதைக்க இடம் பார்ப்பவர்களின் துறை அது. புதைத்த கதிரியக்கப் பொருளை மீண்டும் மனிதரிடம் கொண்டுவந்து சேர்க்கக்கூடிய முதன்மையான வாகனம் நிலத்தடி நீர். ஆகவே நீர் எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்று அறியவேண்டும். எல்லா இடத்திலும் துளை போட்டுப் பார்க்கலாமே என்றால், போடும் ஒவ்வொரு துளையும் பின்னாளில் கசிவுக்கு ஒரு வழியாகலாம். காக்கவேண்டிய பாறையைச் சோதனைக்காகவே சல்லடையாக்க முடியாது. தரையைத் துளைக்காமல் ஆழத்தைப் படிக்கும் மின்காந்த ஆய்வுக்கு இங்கே இருக்கும் மதிப்பு இதனால்தான், வேறெந்தச் சுரங்கத் தொழிலிலும் இருப்பதைவிடக் கூடுதல். அதன் குறையும் இங்கேதான் மிகக் கூர்மையாக உறுத்துகிறது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கார்ல்ஸ்பாட் ஊருக்கு அருகே, தரைக்கு 655 மீட்டர் கீழே ஒரு புதைகிடங்கு இயங்குகிறது. விப் என்பது அதன் சுருக்கப் பெயர். அணு ஆயுதத் தயாரிப்பில் புளூட்டோனியம் போன்றவை படிந்துபோன கையுறை, கருவி, துணி, கசடு ஆகியவற்றை 1999 மார்ச் முதல் அங்கே இறக்குகிறார்கள். கிடங்கைச் சூழ்ந்திருப்பது ஏறத்தாழ 25 கோடி ஆண்டுப் பழமையுள்ள உப்பு. தண்ணீர் அதற்குள் ஓடியிருந்தால் அந்த உப்பு எப்போதோ கரைந்திருக்கும். அது அப்படியே கிடப்பதுதான் அதன் சான்றிதழ். மேலும், அழுத்தத்தில் உப்பு மெல்ல நகரும். குடைந்த அறைகள் காலப்போக்கில் தாமே மூடிக்கொண்டு பீப்பாய்களை இறுக்கிவிடும்.

சிக்கல் அந்த உப்புக்கு அடியில் இருக்கிறது. சலாடோ எனப்படும் இந்த உப்புப் படுகைக்குக் கீழே காஸ்டீல் என்ற படுகை. அதிலுள்ள அன்ஹைட்ரைட் பாறையின் வெடிப்புகளில் ஆங்காங்கே உவர்நீர் கடும் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. 1975இல், முதலில் தேர்ந்த இடத்தில் போட்ட துளை இப்படி ஓர் உவர்நீர்ப் பையைக் குத்தியது. இடத்தையே மாற்றினார்கள். புதிய இடத்தில் 1981 நவம்பரில் விப்-12 என்ற துளையை ஆழப்படுத்தியபோது மறுபடியும் உவர்நீர் பீறிட்டு மேலே வந்தது. கிடங்கின் நடுப்பகுதியிலிருந்து அந்தத் துளை ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கே வடக்கில் இருந்தது. வடக்கே வெட்ட நினைத்த கழிவு அறைகள் தெற்குப் பக்கம் திரும்பின.

தெற்கே மட்டும் அடியில் உவர்நீர் இல்லையா? இந்தக் கேள்விக்கு 1987இல் மின்காந்த ஆய்விடம் போனார்கள். தரையில் பெரிய சதுரமாகக் கம்பியை விரித்து அதில் மின்னோட்டம் செலுத்துவார்கள்; பிறகு சட்டென்று நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்தால் நிலத்துக்குள் தூண்டப்படும் மின்சுழல்கள் புகைவளையம்போல் விரிந்துகொண்டே கீழே இறங்கும். காய்ந்த உப்பில் அவை சீக்கிரம் செத்துவிடும்; உவர்நீரைத் தொட்டால் நெடுநேரம் உயிரோடு இருக்கும். அவை அடங்கும் வேகத்தை மேலே ஓர் உணர்சுருள் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆய்வு, கழிவு அறைகளின் ஒரு பகுதிக்கு அடியிலும் நன்றாக மின்சாரம் கடத்தும் அடுக்கு இருப்பதாகக் காட்டியது.

காட்டியது என்னவோ உண்மை. அது காட்டியது எதை என்பதில்தான் வழக்கு. மெல்லிய அடுக்கில் மிக உப்பான நீர் இருந்தாலும், தடித்த அடுக்கில் உப்புக் குறைந்த நீர் இருந்தாலும், கடத்துதிறனையும் தடிமனையும் பெருக்கிய மதிப்பு ஒன்றாக இருக்குமானால் மேலே கேட்கும் எதிரொலி ஏறக்குறைய ஒன்றே. இது கருவியின் பழுதன்று; வெளியிலிருந்து உள்ளே படிக்கும் எந்தக் கணக்குக்கும் உள்ள இயல்பு. விப்பில் இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. காஸ்டீலுக்கும் கீழே பெல் கேன்யன் என்ற படுகை. அதிலும் உவர்நீர் உண்டு, அது எல்லா இடத்திலும் இருப்பது. ஆய்வு உணர்ந்த அடுக்கு ஆபத்தான மேல் உவர்நீரா, எதிர்பார்த்த கீழ் உவர்நீரா என்று பிரித்தறிய ஆழத்தைத் துல்லியமாகச் சொல்லவேண்டும். ஆழம் கூடக்கூட இந்த முறை மங்குகிறது. எண்ணெய்க் கிணறுகளின் இரும்புக் குழாய்கள் நிறைந்த வட்டாரத்தில் உலோகம் தரும் பொய்க் குரல்களையும் ஒதுக்கியாக வேண்டும்.

இது ஏட்டுச் சந்தேகம் அல்ல. விப் இருப்பது அமெரிக்காவின் எண்ணெய் வளம் மிகுந்த பகுதிகளில் ஒன்று. நூற்றாண்டுகள் கழித்து, கிடங்கைப் பற்றிய நினைவே இல்லாத யாரோ எண்ணெய்க்காகத் துளையிட்டால், துளை கழிவு அறையைக் கடந்து அடியிலுள்ள உவர்நீர்ப் பையைக் குத்தலாம். அழுத்தத்தில் எழும் நீர் கழிவை நனைத்து மேலே தள்ளும். 10,000 ஆண்டுக்கான பாதுகாப்புக் கணக்கில் இது ஒரு முக்கியக் காட்சி. அதற்கு ஓர் எண் வேண்டும்: கிடங்கில் இறங்கும் துளை உவர்நீரைத் தொடும் நிகழ்தகவு எவ்வளவு?

1996இல் கிடங்குக்கு ஒப்புதல் கேட்டு அமெரிக்க எரிசக்தித் துறை தந்த விண்ணப்பத்தில் அந்த எண் 0.08. சுற்றுவட்டாரத் துளைகளின் அனுபவத்தைப் புள்ளியியலாக்கிப் பெற்றது அது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1987 ஆய்வைச் சுட்டிக்காட்டி இதை ஏற்க மறுத்தது, 0.01 முதல் 0.60 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று வைத்துக் கணக்கிடச் சொன்னது. 2014 மறுவிண்ணப்பத்தில் துறை சராசரியை 0.13 அளவுக்கு இறக்க முயன்றது. முகமை அதிலும் திருப்தியடையவில்லை. நிலம் அதே நிலம். அடியில் நீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறிக்கொண்டிருந்தது விளக்கம் மட்டுமே.

முகமையின் பிடிவாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. நூற்றுக்கு எட்டு என்பது தெரிந்ததுபோல் ஒலிக்கும் எண். ஒன்றிலிருந்து அறுபது வரை என்பது தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொள்ளும் எண். ஆனாலும் ஓர் இழப்பு யாராலும் ஈடுசெய்யப்படவில்லை. 1987 ஆய்வு தந்தது ஒரு வரைபடம்: இந்த மூலையில் கடத்தும் அடுக்கு மேலே, அந்த மூலையில் ஆழத்தில் என்று. அது நிகழ்தகவாக மாறியபோது எந்த அறைக்குக் கீழே என்ற செய்தி கரைந்து, கிடங்கு முழுவதற்கும் பொதுவான ஒற்றைப் பங்காகிவிட்டது. மின்காந்த ஆய்வின் தலையாய வலிமையே இடத்தைச் சொல்வது. அதை வாங்கிக்கொண்டு இடத்தை மறப்பது, நீரோட்டம் பார்ப்பவரிடம் உங்கள் ஊரில் சராசரியாகத் தண்ணீர் உண்டா என்று கேட்பதற்கு ஒப்பு.

அணு ஆராய்ச்சியின் இன்னொரு மூலையில் இதே வகைக் கணிப்பு வேறு விதி கண்டது. இணைவு உலைகளில் பத்துக்கோடி டிகிரிக்கும் மேல் கொதிக்கும் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கிறார்கள். அதன் உள்ளே எழும் கொந்தளிப்பு வெப்பத்தை வெளியே கசியவிடுகிறது. அங்கும் உள்ளே கைவிட்டுப் பார்க்க முடியாது. ஓரத்தில் எடுக்கும் அளவைகளையும் கணினி மாதிரிகளையும் நம்பவேண்டும். 1990களின் நடுவில் டார்லண்ட், காட்ஷென்ராய்டர் என்ற இரு இயற்பியலாளர்கள், அன்று திட்டமிட்டிருந்த ஐடெர் உலை கொந்தளிப்பால் தன் இலக்கை எட்டாது என்று கணித்தார்கள். பெரும் சர்ச்சை. 2000இல் டிமிட்ஸும் உடன்பணியாற்றியவர்களும் பல மாதிரிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டனர். பிளாஸ்மா தனக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ளும் சுற்றோட்டங்கள் கொந்தளிப்பைச் சற்றே அடக்குவதையும், முந்தைய மாதிரி அதைக் குறைத்து மதிப்பிட்டதையும் காட்டினர். காந்திநகரின் ஆதித்யா இணைவுக் கருவியில் அன்று பிளாஸ்மா ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவே நிலைத்தது. அதன் விளிம்பில் கொந்தளிப்பு சீராக இல்லாமல் விட்டுவிட்டு வெடிப்பதை 1990களின் தொடக்கத்திலேயே நம் ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். இங்கிலாந்தின் ஜெட் உலை 1983 முதல் 2023 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பிளாஸ்மாவை ஏற்றியது. ஒவ்வொரு முறையும் கணிப்புக்குப் பதில் வந்தது.

புதைகிடங்குக்கு அப்படி ஒரு லட்சம் வாய்ப்பு இல்லை. அது பதில் சொல்லும்போது கேட்க நாம் இருக்கமாட்டோம். ஆகவே ஆய்வை ஒருமுறை செய்து கோப்பில் வைப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ தீவில் செய்தது இதற்கு மாற்று. அங்கே ஒன்கலோ கிடங்கைக் குடையத் தொடங்கிய 2004 முதல், ஆழத்து உப்புநீர் இடம் பெயர்கிறதா என்று பார்க்க ஒரே இடங்களில் ஆண்டுதோறும் மின்காந்த அளவை எடுத்து ஒப்பிட்டார்கள். மின்கம்பிகளின் இரைச்சலால் சில இடங்களில் அளவை பயனற்றுப் போனதையும் அறிக்கையில் எழுதினார்கள். ஒற்றை அளவையின் இரட்டைப் பொருள் இதனால் முழுதும் தீராது. ஆனால் மாற்றத்தைத் தேடும்போது பாதி ஐயம் விலகுகிறது. இன்றைய அளவிலும் சென்ற ஆண்டின் அளவிலும் அதே பிழை இருக்குமானால், கழித்தலில் அது போய்விடும்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில், வெப்பம் தரும் கழிவுக்குப் பாறை எப்படி ஈடுகொடுக்கும் என்று 1980களில் சூடேற்றிகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கில் கழிவைப் புதைக்க அந்தச் சுரங்கங்களின் பெயர் அடிபட்டதும், தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் அந்த ஊர் கொந்தளித்தது; பிறகு அப்படித் திட்டமில்லை என்று மறுப்பு வந்தது. நூறாண்டுக்கு மேல் குடையப்பட்டு, தண்ணீர் தேங்கிய பொந்துகளும் பழைய இரும்பும் நிறைந்த மண் அது. மேலேயிருந்து எடுக்கும் எந்த மின்காந்தப் படமும் அங்கே குழம்பிப்போகும். அந்த மக்களிடம் முதலில் பேசியிருக்கவேண்டும் என்பது மட்டுமல்ல என் குறை. அந்த நிலத்தைப் படிக்க முடியுமா என்ற கேள்வியே அந்த நாட்களின் விவாதத்தில் இடம்பெறவில்லை.

விப் இப்போது மேற்குப் பக்கம் புதிய அறைகளுக்கு நகர்கிறது. 2023இல் மாநில அரசு புதுப்பித்த உரிமத்தில் 11, 12 என்று எண்ணிட்ட இரண்டு தொகுதிகள் உண்டு. சுற்றியுள்ள துளையிடலும் தளரவில்லை. சதுர கிலோமீட்டருக்கு 10,000 ஆண்டில் 46.8 துளை என்று 1996இல் கணக்கிட்டது, 2014 விண்ணப்பத்தில் 67.3 ஆகியிருந்தது. நிகழ்தகவின் ஒரு கை இப்படி வளரும்போது, மறு கையான உவர்நீர்ப் பங்கை 1987இன் அளவைகளிலிருந்து இழுத்து நீட்டுவது போதாது. புதிய அறைகளுக்கு மேலே கம்பியை மறுபடி விரிக்கவேண்டும், இம்முறை நெருக்கமாக, சில ஆண்டுக்கு ஒருமுறை, அதே முளைக்குச்சிகள் அடித்த இடங்களில். வரும் படத்தை அறை அறையாக வெளியிடவேண்டும். ஒரே எதிரொலிக்கு இரண்டு விளக்கம் பொருந்துகிற இடத்தில் இரண்டையும் அச்சிடவேண்டும்.