ஒத்தவாடைத் தெருவில் ஐந்தாவது கோடு

மாமல்லபுரத்தில் எல்லோரும் கடற்கரைக் கோயிலைப் பார்க்கட்டும். அட்டையும் பென்சிலுமாகத் தெருமுனையில் நிற்கும் புவியியல் மாணவர்களை வேடிக்கை பார்ப்பதில் எனக்குத் தனி ருசி. சுற்றுலா இந்த ஊரை என்ன செய்திருக்கிறது என்று கணக்கெடுக்க வந்தவர்கள். கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. நிமிர்ந்தவை நான்கு, ஐந்தாவது அவற்றின் மேல் சாய்வாக. அது விழும்போது பென்சில் ‘சரக்’கென்று சற்று உரக்கவே பேசும். கடற்காற்று தூக்குகிற தாளை ரப்பர் பேண்டு போட்டு அடக்கியிருப்பார்கள். சுற்றுலாப் பேருந்து ஒன்று மொத்தமாக ஆட்களை இறக்கினாலும் கண்ணும் கையும் பிசகக் கூடாது.

அதைவிட அழகு நிலப்பயன்பாட்டு வரைபடம். ஒத்தவாடைத் தெருவில் கட்டடம் கட்டடமாக நடந்து விடுதிக்கு ஒரு நிறம், உணவகத்துக்கு ஒன்று, குடியிருப்புக்கு ஒன்று. கீழே வீடு, மாடியில் வாடகை அறை என்றால்? கட்டத்தைக் குறுக்கே பிரித்து இரு நிறமும் தீட்ட வேண்டும். வண்ணம் திட்டுத்திட்டாகாமல் இருக்கப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கிறாள் ஒருத்தி. எங்கோ சிற்பக்கூடத்தில் உளிச் சத்தம். மணலில் இறங்கியவர்களுக்குத்தான் உண்மையான சோதனை. வலையின் கிழிசலைத் தைக்கிற பெரியவரிடம் எடுத்த எடுப்பில் கேள்வித்தாளை நீட்டினால் ஒன்றும் பெயராது. பக்கத்தில் உட்கார வேண்டும். “எந்த ஊருப்பா?” என்று அவர் முதலில் கேட்பார். பிறகுதான் படகு ஏற்ற இடம் சுருங்கியது, சீசன் காசு, விடுதி வேலைக்குப் போன மகன் எல்லாம் வரும். தாளில் பதிலுக்கு இருப்பதோ ஒரே கட்டம். ஓரத்து வெள்ளையில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே போகிறான் பையன்.