மூன்று வழிகளில் வந்த வேதம்

குழித்துறை வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே வேதபுத்தகத்தை வாசிக்கவில்லை. 2014 டிசம்பரில் கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து, திரித்துவபுரம் ஆலயத்தைப் பேராலயமாகக் கொண்ட குழித்துறை மறைமாவட்டத்தின் லத்தீன் கத்தோலிக்கருக்கு 73 நூல்கள் கொண்ட திருவிவிலியம். சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையார் கையில் 66 நூல்கள் கொண்ட பழைய மொழிபெயர்ப்பு. மார்த்தாண்டம் மறைமாவட்டத்து மலங்கரைக் கத்தோலிக்கரும் 73 நூல்களை ஏற்பவர்களே. ஆனால் அவர்களுடைய வழிபாடு வேர்விட்டிருக்கும் சிரியாக் வேதமான பெஷித்தாவின் புதிய ஏற்பாட்டில் ஆதியில் 22 நூல்கள்தாம் இருந்தன. 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் ஆகிய ஐந்தும் அதில் கிடையாது. ஒரே சந்தைக்குப் போய்வரும் மக்களுக்கிடையே இந்த வேறுபாடு வந்ததற்குக் கொள்கைச் சண்டை ஒரு காரணம். நூல் வந்து சேர்ந்த வழி அதைவிடப் பெரிய காரணம்.

1544-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடம் வேதபுத்தகத்தைக் கொடுக்கவில்லை. விசுவாசப் பிரமாணமும் பத்துக் கற்பனைகளும் ஜெபங்களும் தமிழில் எழுதப்பட்டு மனப்பாடமாக ஓதுவிக்கப்பட்டன. நெடுங்காலம் கத்தோலிக்கரின் விசுவாசம் இந்த ஓதலிலும் பூசையிலும் குருவின் வாய்ச்சொல்லிலும் நிலைத்தது. வேதத்தின் அதிகாரம் திருச்சபையின் அதிகாரத்துக்குள் அடங்கியிருந்தது. சீர்திருத்த சபையாருக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15-இல் அச்சேறியது. அதே தரங்கம்பாடியில் தமிழ் கற்றுக்கொண்ட மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தபோது, அச்சிட்ட தமிழ் வேதத்துக்கு ஏறத்தாழ நூறு வயதாகியிருந்தது. இங்கே முதலில் வந்தது புத்தகம். சபை அதைச் சுற்றிப் பின்னால் எழுந்தது.

66 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. சீகன்பால்க் விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டை முடித்த சூல்ட்சே, கத்தோலிக்கர் பழைய ஏற்பாட்டில் கூடுதலாக ஏற்கும் தள்ளுபடி ஆகமங்களையும் தமிழாக்கி 1728-இல் அச்சிட்டார். லுத்தரன்கள் அவற்றை வேதத்துக்குச் சமமாக வைக்கவில்லை; வாசிக்கத் தக்கவை என்று அச்சில் வைத்திருந்தார்கள். 1826-இல் லண்டன் வேதாகமச் சங்கம் அந்நூல்களுக்குப் பணம் செலவிடுவதில்லை என்று முடிவெடுத்தது. பிற்காலத் தமிழ்ப் பதிப்புகளில் பெரும்பாலானவை அந்தச் சங்கத்தின் உதவியால் வந்தவை. கத்தோலிக்கர் பக்கம் 1546-இல் திரெந்து பொதுச்சங்கம் 73 என்று அறுதியிட்டதைச் சொல்பவர்கள், மறுபக்கத்தின் 66-ஐ நிலைநிறுத்தியதில் ஒரு கமிட்டியின் தீர்மானத்துக்கும் பங்குண்டு என்பதைச் சேர்த்துச் சொல்வது நியாயம்.

நூல்களின் எண்ணிக்கையைவிடக் கூர்மையான கேள்வி மூலபாடம் பற்றியது. பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ஏழாம் வசனத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று பரலோகத்துச் சாட்சிகள் மூவர் வருகிறார்கள். எட்டாம் வசனத்தில் பூலோகத்துச் சாட்சிகளாக ஆவி, ஜலம், இரத்தம். திருவிவிலியத்தில் பரலோகச் சாட்சிகள் இல்லை. ஆவி, நீர், இரத்தம் ஆகிய மூன்றோடு அந்த இடம் முடிந்துவிடுகிறது. பழைய கிரேக்கச் சுவடிகளில் அந்த வரி கிடையாது. லத்தீன் வழக்கில் முளைத்த இடைச்செருகல் அது. எராஸ்மஸ் 1516-இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பின் 1522-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். அவர் வழிவந்த அச்சுப்பாடமே பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் மொழிபெயர்ப்புகளுக்கு அடிப்படை. அந்தப் பழைய மொழிபெயர்ப்பான, 1871-இல் வெளிவந்த பவர் ஐயர் பதிப்பும் அதற்கு விலக்கல்ல. இதே பவர் ஐயர்தான் 1868-இல் சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர். பாடபேதம் என்றால் என்னவென்று அறியாதவர் அல்ல.

இந்த வழக்கு ஐரோப்பிய நூலகங்களுக்குள் மட்டும் நடந்ததும் அல்ல. 1599 ஜூனில் கோவா பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் மாமன்றம், மலையாளக் கரைத் தோமா கிறிஸ்தவர்களின் சிரியாக் ஏடுகளைச் சோதித்து ஒரு குறைப்பட்டியல் போட்டது. புதிய ஏற்பாட்டின் அந்த ஐந்து நூல்கள் இல்லை. யோவான் நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை இல்லை. மூன்று சாட்சிகளின் வசனமும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தும்படி உத்தரவாயிற்று. அந்தப் பெண்ணின் கதையும் மிகப் பழைய கிரேக்கச் சுவடிகளில் இல்லாததுதான். இந்த இரண்டு இடங்களிலும் குறையென்று தள்ளப்பட்ட ஏடுகளே பழைய பாடத்தைக் காத்திருந்தன; திருத்த வந்தவர்கள் பிற்காலச் சேர்க்கையைக் கையில் வைத்திருந்தார்கள். 1806-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளில் சுற்றிய கிளாடியஸ் புக்கானனும், தாம் பார்த்த சிரியாக் படிகளில் அந்த வசனம் இல்லை என்று எழுதிவைத்தார். ரோமை இதில் மெதுவாகவே நகர்ந்தது. 1897-இல் அவ்வசனத்தை ஐயுறுவது பாதுகாப்பானதல்ல என்றது. 1927-இல் அறிஞர்கள் ஆராயலாம் என்று தளர்த்தியது. திரித்துவக் கொள்கை இதனால் ஆட்டங்காணவில்லை. நிக்கேயாவில் 325-இல் அது வாதிடப்பட்டபோது இந்த வசனத்தை யாரும் துணைக்கு அழைத்ததாகத் தெரியவில்லை.

இதைக் கொண்டு வேதபாடம் முழுவதையும் சந்தேகிப்பது அவசரம். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கச் சுவடிகள் ஐயாயிரத்துக்கு மேல் உண்டு. படிகள் பெருகியதால் பிழைகள் பெருகின. அதே பெருக்கம்தான் பிழையைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. பழைய ஏற்பாட்டுக்கு 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்கள் சாட்சி. அங்கிருந்த ஏசாயா சுருள், அதற்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிந்திய எபிரேயச் சுவடிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. எரேமியாவோ இரண்டு வடிவங்களில் கிடைத்தது. ஒன்று மற்றதைவிடச் சுருக்கம்.

பாடம் சரியாக வந்து சேர்ந்திருப்பது ஒன்று, அதில் சொல்லப்பட்டது நடந்திருப்பது வேறொன்று. அப்போஸ்தலர் நடபடிகள் கொரிந்துவில் பவுலை விசாரித்ததாகச் சொல்லும் கல்லியோன் கற்பனைப் பாத்திரமல்ல; தெல்பி கல்வெட்டு அவனை ஏறத்தாழ 51-52-இல் வைக்கிறது. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. ஆனால் லூக்கா இயேசுவின் பிறப்போடு சேர்க்கும் சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6-ஐச் சேர்ந்தது, மத்தேயுவின் ஏரோது கி.மு. 4-இல் இறந்துவிட்டான். இந்த முடிச்சை அவிழ்க்கப் பலர் முயன்றிருக்கிறார்கள், இன்னும் அவிழவில்லை.

தக்கலைக்கருகில் திருவிதாங்கோட்டு அரப்பள்ளியை அப்போஸ்தலர் தோமா கி.பி. 63-இல் நிறுவினார் என்ற மரபை எடைபோடவும் இதே தராசு வேண்டும். வேதத்தில் சேராத தோமாவின் நடபடிகள் மூன்றாம் நூற்றாண்டளவில் எடேசா வட்டாரத்தில் எழுந்த சிரியாக் நூல். அதில் வரும் இந்திய மன்னன் குண்டபோரஸ் கட்டுக்கதை என்றே ஒரு காலத்தில் கருதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் நாணயங்கள் கிடைத்தன. மன்னன் உண்மை என்றானது. தோமா அவனிடம் போனது அதனால் உண்மையாகிவிடாது. மேலும் அந்த நாணயங்கள் கிடைத்தது வடமேற்கில். குமரிக் கரைக்கு அது சாட்சியாகாது. மிளகு ஏற்றிய ரோமக் கப்பல்கள் இக்கரைக்கு வந்தன என்பது உறுதி, ஆகவே ஒருவர் வந்திருக்க முடியும். அதற்குமேல் சொல்ல ஆவணம் இடம் தரவில்லை.

வேதத்தின் அதிகாரம் இத்தகைய ஆவணச் சோதனைக்குக் காத்திருந்ததில்லை என்பதற்கு நட்டாலம் நீலகண்டனே சான்று. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு மார்த்தாண்டவர்மாவின் படையில் சேர்ந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய், துயரத்திலிருந்த நீலகண்டனிடம் யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமான அவர் 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக்கொல்லப்பட்டார், 2022-இல் புனிதரானார். யோபு நூலை நடந்த வரலாற்றின் பதிவாக இன்றைய ஆய்வாளர் அநேகமாக யாரும் கொள்வதில்லை. அது ஞான இலக்கியம், பெரும்பகுதி கவிதை. கத்தோலிக்க போதனைக்கு இதில் சங்கடம் இல்லை. 1943-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இலக்கிய வகையறிந்து வேதம் படிக்கச் சொன்னார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்புக்காகக் கடவுள் எழுதுவித்த உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்று வரையறுத்தது. 1907-இல் நாகர்கோவிலில் பணி தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷனின் மரபு இதற்கு இணங்காது. வரலாற்றுச் செய்தியிலும் வேதத்தில் பிழையில்லை என்பது அதன் நிலை. பெந்தெகொஸ்தே சபைகளும் அநேகமாக அப்படியே. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சாசனம் இரட்சிப்புக்கு வேண்டிய அனைத்தும் வேதத்தில் அடங்கியிருக்கிறது, விசுவாசத்துக்கு அதுவே முடிவான அளவுகோல் என்கிறது. பிழையின்மை பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அதனால் ஒரே சி.எஸ்.ஐ. சேகரத்தில் யோபுவை வாழ்ந்த மனிதராகப் பிரசங்கிக்கும் போதகரும், கவிதையின் நாயகனாகப் பிரசங்கிக்கும் போதகரும் அடுத்தடுத்து ஊழியம் செய்துவிட்டுப் போக முடிகிறது.