வெந்நீரும் கண்ணீரும்

வடமதுரைப் பக்கம் ஆயிரம் அடிக்கு போர் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிலர், ‘வெறும் புழுதிதான் சார் பறந்துச்சு’ என்பார்கள். தண்ணீர் கிடைத்த புண்ணியவான்கள், ‘மோட்டாரைப் போட்டா வெதுவெதுன்னு வருது’ என்று ஆச்சரியப்படுவார்கள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பூமிக்குள் ஆழம் போகப் போக சூடு ஏறும். மழைநீர் பாறை வெடிப்பு வழியாக இறங்கி, அடியில் சூடாகி, ஆறுவதற்குள் வேறொரு வெடிப்பு வழியாக மேலே வந்துவிட்டால் அதுதான் வெந்நீர் ஊற்று. எரிமலை கட்டாயமில்லை. இயற்கை இலவசமாகப் போட்டுக்கொடுத்த போர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். திண்டுக்கல் சீமைக்கு அந்த யோகம் இல்லை. நமக்கு வெந்நீர்க் குளியல் என்றால் எண்ணெய், சீயக்காய், அடுப்பில் ஏற்றிய அண்டா. கொஞ்சம் காசு சேர்ந்தால் குற்றாலம்.

ஆனால், தமிழில் பேசி அழுகிற ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. இலங்கையில், திருகோணமலையிலிருந்து சுமார் 8 கி.மீ. தூரத்தில் இருக்கும் கன்னியா. குட்டைச் சுவர் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள். மூன்று நான்கு அடி ஆழம்தான். ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. உள்ளே இறங்கி ஊற முடியாது. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கே சொல்லப்படும் கதைக்குப் பல வடிவங்கள். சாரம் இது: ராவணனின் அம்மா இறந்துவிட்டதாகக் கிழவர் வேடத்தில் வந்த விஷ்ணு சொல்கிறார். கருமம் செய்யத் தண்ணீர் வேண்டும். ராவணன் ஆயுதத்தால் தரையில் ஏழு இடங்களில் குத்துகிறான். ஏழு ஊற்றுகள் பிறக்கின்றன.

கவனித்தீர்களா? ராவணன் முதுகுவலிக்காக ஊற்று தோண்டவில்லை. அம்மாவுக்காகத் தோண்டுகிறான். இன்றும் ஈழத் தமிழர்கள் 31-ம் நாள் அந்தியேட்டிக்கும், ஆடி அமாவாசைக்கும் அங்கே வருகிறார்கள். சாவு வீட்டில் நாம் பச்சைத் தண்ணீரில்தானே தலை முழுகுகிறோம்? இங்கே ஒரு மாதத் துக்கத்துக்குப் பிறகு உடம்பில் இளஞ்சூடு படுகிறது. ‘போதும், இனி எழுந்திரு’ என்று யாரோ முதுகைத் தடவிச் சொல்வதுபோல. கதை கட்டியவர்கள் சாமான்யர்கள் இல்லை.

இதோடு ஒப்பிட ஒரு சினிமா. ஃபெலினியின் ‘எட்டரை’ (1963). ஆஸ்கர் வாங்கிய இத்தாலியப் படம். அடுத்த படத்துக்குக் கதை பிடிபடாத டைரக்டர் குய்டோ, வைத்தியத்துக்காக ஒரு கனிம ஊற்று ஸ்தலத்துக்கு வருகிறான். வயசாளிகள் வெயிலில், கையில் டம்ளரோடு மருந்துத் தண்ணீருக்கு க்யூவில் நிற்கிறார்கள். பின்னணியில் வாக்னரின் போர் முழக்க இசை! பிறகு, வெள்ளைத் துணி போர்த்தியவர்கள் நீராவி அறைக்குப் படியிறங்கும் காட்சி. ஏறக்குறைய நரகத்துக்குப் போவது மாதிரி எடுத்திருப்பார். குய்டோ அங்கே ஒரு கார்டினலிடம் ஆறுதல் தேடுகிறான். கிடைப்பது வேதாந்தம்.

தண்ணீர் அவனைக் குணப்படுத்தவில்லை. ஓடுகிறவனை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. ஃபெலினி இதைப் புரிந்துகொண்டது பெரிய விஷயம். எனக்கு ஒரு குறை உண்டு. அத்தனை பேர் க்யூவில் நிற்கிறார்களே, அவர்களுக்கு என்ன வலி என்று கேமரா கடைசிவரை கேட்பதே இல்லை. குய்டோவின் மனக் குழப்பத்துக்கு அவர்கள் வெறும் அலங்காரம். கன்னியாவின் கதை அப்படியல்ல. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் யாரையாவது பறிகொடுத்திருக்கலாம் என்று அதற்குத் தெரியும்.

இப்போது ஸ்பா விளம்பரங்களைப் படியுங்கள். ‘நச்சுகளை வெளியேற்றும்’ என்பார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன. வெந்நீர் செய்வது வேறு: ரத்தக் குழாய் விரிகிறது, தசை இளகுகிறது, மூட்டுவலி கொஞ்ச நாளைக்கு மட்டுப்படுகிறது. பிரான்ஸில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் 18 நாள் ஊற்று சிகிச்சைக்கு அரசுக் காப்பீடே பெரும்பங்கு பணம் தருகிறது. ஆக, மோசடி என்று ஒதுக்கவும் முடியாது. ஆனால் ‘சர்வரோக நிவாரணி’ என்று சொல்லும்போது, ஒரு நல்ல குளியல் கெட்ட மருந்தாகிவிடுகிறது.

கன்னியாவுக்கு வந்திருக்கும் ஆபத்து அதைவிடப் பெரியது. இடம் தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டுக்குப் போனது. பௌத்தத் தலம் என்ற உரிமைக் குரல் எழுந்தது. பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை கட்டும் முயற்சியை எதிர்த்து 2019 ஜூலையில் தமிழர்கள் திரண்டார்கள். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. வழிபட வருபவர்களைத் தடுக்கக் கூடாது என்றது. அறிவிப்புப் பலகையில் எந்த நூற்றாண்டை வேண்டுமானாலும் எழுதலாம். அம்மாவுக்காக வாளியோடு நிற்கிற ஒருத்திக்கு அந்தப் பலகையில் இடமுண்டா என்பதுதான் கேள்வி.

திருகோணமலை போனால் ஏழு கிணற்றிலும் ஊற்றிக்கொள்ளுங்கள், சுகமாக இருக்கும். செல்போனை எடுக்குமுன் மட்டும், பக்கத்தில் ஈரத்தலையோடு நிற்பவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.